இருபது குசினிக்கு ஒரு காத்தாடி

காத்தாடி திருத்துகிறவனை அது சுற்றுகிற வரைக்கும் ஒருவரும் நினைக்கிறதில்லை, நின்ற அன்றைக்குத்தான் "அந்த மனிசன் எங்கை?" என்று தேடுவார்கள்.

அப்படித் தேடப்பட்ட மனிசன்தான் நான். பெயர் குணரத்தினம். வெள்ளைக்காரருக்கு அது வாய்க்குள் அடங்காதபடியால் ஹெர் குணா. எங்கடை ஆக்களுக்குக் குணமண்ணை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுவிசுக்கு வந்து முதல் ஆறு வருசமும் சூரிச்சில் ஒரு ரெஸ்டோரண்டில் சட்டி கழுவினேன். ஒருநாள் அந்தக் குசினியின் புகைக்கூண்டைத் துப்புரவாக்க வந்த கொம்பனிக்காரர், ஆள் குறைவென்று என்னை ஏணியைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்த ஏணியை இருபத்தேழு வருசமாக விடவில்லை. இந்த மார்கழியோடு பென்சன்.

இதை வாசிக்கிற உங்களிலும் கனபேர் என்னைப் போலத்தான் இருப்பீர்கள். யாரோ வீட்டுக் கூரைக்குள் முழங்காலில் நின்று, யாரோ வீட்டுத் தூசிக்குத் தும்மியவர்கள். கறி தாளிக்க முதல் யன்னலைத் திறக்கிறதோ பூட்டுகிறதோ என்று அகப்பையோடு நின்று யோசித்தவர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

நான் சொல்லப்போகிற வீடு சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் இருக்கிறது. ஐந்து மாடி, இருபது குடும்பம். பழைய கட்டடம் என்றபடியால் வீட்டுக்கு வீடு தனிக் காத்தாடி இல்லை. ஒவ்வொரு குசினிச் சுவரிலும் கையகலத்தில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு சல்லடை மூடி. ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிற ஐந்து குசினிக்கும் சுவருக்குள்ளே ஒரு குழாய். அப்படி நாலு குழாய் மேலே போய், எஸ்ட்ரிக் என்கிற கூரைத் தட்டில் ஒரு பெரிய தகரப் பெட்டிக்குள் சேரும். பெட்டிக்குள் ஒரேயொரு காத்தாடி. இருபது வீட்டு அவியல், பொரியல், கருகல் எல்லாவற்றையும் இழுத்துக் கூரைக்கு மேலே ஊதுகிறது அதுதான்.

போன மாசியில் அந்த இருபது வீட்டுக்கும் நிர்வாகத்திடமிருந்து ஒரே மாதிரிக் கடிதம் போனது. இரண்டாம் குழாய் சரியாக இழுக்கவில்லையாம். சுவரை உடைத்துப் பார்க்கவேண்டுமாம். உடைக்கிறதோடு குசினி, குளிப்பறை எல்லாம் புதிதாக்கப் போகிறார்களாம். ஆனபடியால் எல்லாரும் வீட்டை விடவேண்டி வருமாம். கடிதத்தோடு ஒரு சர்வீஸ் றிப்போட்டின் பிரதியையும் வைத்திருந்தார்கள். அதன் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அந்தக் கையெழுத்தால் வந்த வினையைச் சொல்ல முதல், அந்த வீட்டுக்கும் எனக்கும் இருந்த பழக்கத்தைச் சொல்லவேணும்.

ஐந்தாம் மாடி அம்மா

இருபத்துநாலு வருசத்துக்கு முதல் அந்த வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது மாரியோவோடு. இத்தாலியின் தெற்குப் பக்கத்தான், என்னிலும் நாலைந்து வயது மூப்பு, வேலையில் சோடி. ஓட்டை இழுக்கிறதோ என்று பார்க்க எங்களிடம் பெரிய கருவி எல்லாம் இருந்தது. ஆனால் மாரியோ முதலில் எடுப்பது கக்கூஸ் கடதாசி ஒரு துண்டு. சல்லடையில் வைத்தால் அது ஒட்டி நிற்கவேணும். விழுந்தால் இழுவை இல்லை.

ஐந்தாம் மாடியில், காத்தாடிக்கு நேர் கீழே, ஃபிராவ் கெல்லர் என்ற அம்மா தனியாக இருந்தா. தபால் கந்தோரில் வேலை செய்து அப்போதுதான் பென்சன் எடுத்தவ. அவவின் குசினியில் கடதாசி விழுந்தது. சல்லடையைக் கழற்றினால் ஓட்டைக்குள்ளே பெண்கள் போடுகிற நைலோன் காலுறை ஒன்று உருண்டையாகச் சுருட்டி அடைத்துக் கிடந்தது. அந்த ஓட்டைக்கு நேரேதான் அவவின் சாப்பாட்டுக் கதிரை. கூதல் காலத்தில் காற்று இழுபடும்போது பிடரியில் குளிருதாம்.

நான் காலுறையை எடுத்து மரியாதையாக இரண்டாக மடித்துக் கையில் கொடுத்து, இப்படி அடைத்தால் கீழ் வீட்டு ஆக்களுக்கும் பிழைக்கும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. அடுத்த வருசம் போனபோது ஓட்டைக்குள் ஒன்றுமில்லை. மனிசி சொல்வழி கேட்டுவிட்டா என்று எனக்குள்ளே ஒரு பெருமை. ஆனால் அந்த முதல் நாள் அவ சொன்னதை (அவவின் ஜெர்மனை என்னுடைய தமிழில்தான் சொல்லமுடியும்) நான் காது கொடுத்துக் கேட்டிருக்கவேணும்.

"ஹெர் குணா, நீங்கள் படியால இறங்கின உடன இதைத் திரும்ப வைப்பன்; எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதுதான் முதலே சொல்லிப்போடுறன்."

முருகன் இருந்த இடம்

அதே குழாயில், மூன்றாம் மாடியில் திலகம் இருந்தா. புருசன் சிவம், இரண்டு பெட்டைகள். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. வருச சர்வீசில் ஒரு குழாய்க்கு ஒரு வீட்டில்தான் அளப்போம் என்றபடியால் எனக்கு அப்போது இவர்களைத் தெரியாது. வீட்டைப் பார்க்கிற ஆப்வார்ட் ஹெர் ஷ்டூடர் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, படிக்கட்டு முழுக்க ஒரு மணம், காத்தாடி பழுதாக்கும் என்றார். போய்ப் பார்த்தால் காத்தாடி சிங்கம் போலச் சுற்றுகிறது. மணம் மூன்றாம் மாடிக் கதவுக்குக் கீழாலே வருகிறது. கூனி இறாலோ மாசிக் கருவாடோ என்று மூக்கு யோசிக்க முதல் கை மணியை அடித்துவிட்டது.

"அண்ணை தமிழோ? இஞ்சேருங்கோப்பா, திருத்த வந்தவர் எங்கடை ஆள்!" என்று கதவைத் திறந்த திலகம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தா. தேத்தண்ணி வந்தது. குசினியில் ஓட்டையைத் தேடினேன், காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் தமிழ்க் கடைக் கலண்டர் ஒன்று, முருகன் படத்தோடு. கலண்டரைத் தூக்கினால் கீழே பார்சல் ஒட்டுகிற ரேப். ரேப்பை உரித்தால் அலுமினியக் கடதாசி, மூன்று மடிப்பு. அதற்குள்ளே பொலித்தீன்.

"மேல ஒரு வயசுபோன மனிசி இருக்கிறா, அண்ணை. உந்த ஓட்டையால எங்கடை மணம் அவவின்ரை குசினிக்குள்ள போகும். பாவம், ஏன் கரைச்சல் எண்டு வந்த கிழமையே அடைச்சனான். யன்னலும் திறக்கிறேல்லை. நாலு வருசமா நான் ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் குடுக்கேல்லை," என்றா. படிக்கட்டு முழுக்க மணக்கிறது அவவுக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. மணத்துக்குப் பயந்து மணம் போகிற வழியை அடைத்த ஆக்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். எல்லாவற்றையும் உரித்தெடுத்துக் கடதாசியை வைத்தேன், 'சப்'பென்று ஒட்டியது. திலகம் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தா. புகை வளைந்து நெளிந்து ஓட்டைக்குள்ளே போனது. "ஐயோ, இது நேரா ஆகாயத்துக்கெல்லோ போகுது!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினா. கதவடியில் நின்ற சிவம் கலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி அண்ணை, இனி முருகனை எங்கை கொழுவிறது?"

மிளகாய்க்கு ஒரு அட்டவணை

சுவிஸ் வீடுகளில் உடுப்புத் தோய்க்க ஆளுக்கொரு நாள் குறித்து அட்டவணை தொங்கும், உங்களுக்குத் தெரியும். அந்த நாளைத் தவறவிட்டுப் பட்டபாட்டைப் பற்றி உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். ஹெர் ஷ்டூடர் அந்த அட்டவணையை வேதம் போல வைத்திருந்தவர்.

ஒரு ஆடி மாதம் அவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். காத்தாடிப் பெட்டிக்கு மேலே இரண்டு தட்டில் ஏதோ கிடக்கிறதாம், வெளிறிச் சுருண்டு, எலிவால் மாதிரியாம், கையுறையோடு வரட்டாம். ஏறிப் பார்த்தால் மோர்மிளகாய். கூரை ஓட்டுச் சூடு மேலே, மோட்டர்ச் சூடு கீழே. யாழ்ப்பாணத்து வெயிலை டீட்டிகோனில் எங்கே எடுக்கலாம் என்று திலகம் வீடு முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. மெசினுக்கு மேலே ஒன்றும் வைக்கக்கூடாது என்று தட்டுகளைப் பக்கத்தில் ஒரு பழைய மேசைக்கு மாற்றினேன். ஹெர் ஷ்டூடருக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஒன்றை எடுத்துக் கடித்தும் காட்டினேன். தானும் கடித்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணைத் துடைத்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

திலகத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வரப்போகிறது என்று நினைத்தேன். அடுத்த முறை போனபோது அந்த மேசைக்கு மேலே, மட்டத்தடி வைத்துக் கோடு போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மிளகாய் — மூன்றாம் மாடி — யூலி, முதல் இரண்டு கிழமை.' பக்கத்தில் காளான் காயவைக்கிறதுக்கு நாலாம் மாடிக்கு ஒரு வரி. நான் அதை வாசித்துக்கொண்டு நிற்க ஹெர் ஷ்டூடர் பின்னால் வந்து சொன்னார்:

"ஒழுங்கு எண்டு ஒண்டு இருந்தா, ஹெர் குணா, இந்த வீட்டில எதையும் காயவைக்கலாம்."

காத்தாடி நின்ற ஞாயிறு

நின்றுபோனதை முதலில் அறிந்தவ ஃபிராவ் கெல்லர். வருசக்கணக்காக அந்த இரைச்சலுக்குக் கீழேதான் படுத்து எழும்புகிறா. பெயாரிங் காய்ந்தாலும் பெல்ட் தளர்ந்தாலும் எங்களுக்கு முதல் அவவுக்குத் தெரியும். "நேற்றையில இருந்து இருமுது" என்று ரெலிபோன் வரும், போய்ப் பார்த்தால் அவ சொன்னது சரியாக இருக்கும். அந்த மார்கழி ஞாயிறு அவ சொன்னது, "மூச்சு நிண்டுட்டுது."

நானும் மாரியோவும் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். பெல்ட் அறுந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சுவிசில் பெல்ட் மட்டுமில்லை, ஊசிநூலும் வாங்கமுடியாது. படிக்கட்டிலே இருபது வீட்டுச் சமையலும் இறங்கி வந்து நின்றது. ஒரு மாடியில் உருகின சீஸ், ஒரு மாடியில் புளித்த முட்டைக்கோவா, மூன்றாம் மாடியில் கணவாய்க் கறி. ஆக்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் நின்றார்கள். "ஓ, அது உங்கடை வீட்டிலயோ?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரித்தார்கள். அதுவரை லிஃப்டுக்குள் கூரையைப் பார்த்து நின்ற ஆக்கள் அவர்கள்.

மாரியோ பெட்டியடியில் குந்தியிருந்து யோசித்தான். பிறகு இறங்கிப் போய் ஃபிராவ் கெல்லரிடம், வெட்கப்படாமல், ஒரு நைலோன் காலுறை கேட்டான். அவனுடைய தகப்பன் பழைய கார் ஒன்றை அப்படி ஓட்டி வீடு சேர்த்தவராம். கொம்பனிக்குத் தெரிந்தால் இரண்டு பேரின் வேலையும் போயிருக்கும். காலுறையை முறுக்கி, இரண்டு கப்பியிலும் சுற்றி, இறுக்கி முடிந்தான். சுவிச்சைப் போட்டோம். காத்தாடி மெதுவாக, கிழவன் கதிரையால் எழும்புகிற மாதிரி எழும்பி, அரைவாசி வேகத்தில் சுற்றத் தொடங்கியது. அடுத்த நாள் புதுப் பெல்ட்டோடு நாங்கள் வரும்வரை சுற்றியது. எஸ்ட்ரிக் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று பார்த்த ஃபிராவ் கெல்லர் சொன்னா:

"தபால் கந்தோருக்கு வேலைக்குப் போகேக்கை நான் போட்ட காலுறை அது, இப்பவும் வேலைக்குத்தான் போகுது."

மூடிக்குள்ளே

பெட்டி மூடியின் உள்பக்கத்தில் மாரியோ ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு வரி எழுதுவான். நான் எண்ணெய் விட்ட விவரம் எழுதுகிறானாக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ரோர்ச் பிடித்து வாசித்தால், அத்தனையும் நாங்கள் அன்றன்று சாப்பிட்டது. 'மூன்றாம் மாடி: இடியப்பம், சொதி.' 'ஐந்தாம் மாடி: அப்பிள் கேக், கொஞ்சம் கருகல்.' 'ஒருத்தரும் ஒன்றும் தரவில்லை, மழை.' 'மூன்றாம் மாடி மூத்த பெட்டை பாஸ், லட்டு.' மூடி நிறைய எங்கள் இரண்டு பேரின் ஆயுள். கொம்பனி றிப்போட்டை விட்டுவிட்டு இதென்ன வேலை என்று கேட்டேன்.

"கொம்பனிக் கடதாசியில எண்ணெயை எழுது, இதில சாப்பாட்டை எழுதுவம், எது முக்கியமெண்டு பிறகு வாறவன் பாத்துக்கொள்ளட்டும்."

என்னுடைய கையெழுத்து

மாரியோ பென்சன் எடுத்து ஊருக்குப் போய்விட்டான். ஹெர் ஷ்டூடரும் போய்விட்டார். கடைசி மூன்று நாலு வருசமாக இரண்டாம் குழாயின் இழுவை குறைந்துகொண்டு வந்தது. 'காத்தாடிக்கு வயது' என்று எழுதினேன். போன புரட்டாதியில் மற்ற மூன்று குழாயும் இழுக்க இது மட்டும் இழுக்காததைப் பார்த்து, 'காரணம் தெரியவில்லை, குழாயைப் பரிசோதிக்கவேணும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எழுதும்போது அது ஒரு வரி. மாசியில் அது இருபது வீட்டுக்குக் கடிதமாகப் போனது.

திலகம் ரெலிபோன் எடுத்தா. ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "அண்ணை, உது நீங்கள் எழுதினதோ?" என்று மட்டும் கேட்டா. ஓம் என்றேன். சிவத்துக்கு இப்போது இரத்தம் சுத்திகரிக்கவேணும், கிழமைக்கு மூன்று நாள் ஆசுபத்திரி. அந்த வீட்டிலிருந்தால் ஒரு பஸ். பெட்டைகள் கலியாணம் கட்டித் தூரப் போய்விட்டார்கள். ஃபிராவ் கெல்லருக்கு எண்பத்தெட்டு. காலமையில் திலகம் பாணும் பாலும் கொண்டுபோய் மணி அடித்தால்தான் அவவுக்கு விடியும். "எங்களை விடுங்கோ, அவ எங்கை அண்ணை போவா? முதியோர் இல்லத்தில எண்டா, நான்தான் அவவின்ரை அறையையும் கூட்டவேணும்," என்று சிரிக்கப் பார்த்தா. முடியவில்லை.

நிர்வாகத்துக் கந்தோருக்குப் போனேன். ஒரு இளம் மனிசன், நல்ல மரியாதை. காத்தாடி எப்படியும் மாற்றவேண்டியதுதான், முதலில் அதை மாற்றி இருபது குசினியையும் அளக்கிறேன், எல்லாம் இழுத்தால் சுவரை ஏன் உடைப்பான் என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு குசினியில் இழுவை குறைந்தாலும் கடிதத்தில் உள்ளபடிதான் என்றார். அந்தக் குழாய் பிழையென்று எப்படி அவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள் என்று எழும்பும்போது கேட்டேன். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, மெய்யாகவேதான் சொன்னார்:

"உங்களைத்தானே நாங்கள் நம்பினது, ஹெர் குணா, அனுபவமுள்ள ஆள் எண்டு."

கடதாசி விழுந்த குசினி

வைகாசியில் ஒரு புதன்கிழமை. கூரை யன்னலால் கிரேன் புதுக் காத்தாடியை இறக்கியது. பழையதின் பாதிக்கும் குறைவான பருமன், பெல்ட்டே இல்லை, சத்தமும் இல்லை. பழையதை ஆணி ஆணியாகக் கழற்றினேன். தூக்கிப் போகிறவர்களிடம் மூடியை மட்டும் விடச் சொன்னேன்.

மத்தியானம் அளக்கத் தொடங்கினேன். முதலாம் குழாயில் ஐந்து குசினி, நல்ல இழுவை. மூன்றாம் குழாய், நாலாம் குழாய், பதினைந்து வீடு சரி. பிறகு இரண்டாம் குழாய். கீழ் வீடு, இழுவை காணாது. இரண்டாம் மாடி, காணாது. மூன்றாம் மாடியில் திலகமும் சிவமும் குசினிக்குள் நின்றார்கள். கருவியின் எண் அவர்களுக்கு விளங்காது என்று கடதாசியை வைத்தேன். ஒரு கணம் ஒட்டியது மாதிரி நின்று, பிறகு வழுக்கி அடுப்பில் விழுந்தது. திலகம் குனிந்து அதை எடுத்து, நாலாக மடித்து மேசையில் வைத்தா.

நாலாம் மாடியும் காணாது. ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். ஃபிராவ் கெல்லர் கதவைத் திறந்து, "புதுசு சுத்துதோ? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, உயிரோடதானோ?" என்றா. சல்லடையைக் கழற்றினேன். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை. ஏதாவது கதைக்கவேணும் என்பதற்காக, "பரவாயில்லை, இந்த வருசமும் காலுறையை எடுத்துட்டீங்கள்," என்றேன்.

அவ என்னை வியப்பாகப் பார்த்தா. "நான் எங்கை எடுத்தனான்? கடுங்கூதல் வந்த வருசம் வைப்பன். வெய்யில் காலம் வர அது தானாப் போயிடும்."

நான் சல்லடையைக் கதிரையில் வைத்தேன். தானாகப் போய்விடும். எங்கே போகும்? காற்று போகிற பக்கம்தான் போகும். மேலே ஓடினேன். அறுபத்துநாலு வயது மனிசன் ஓடக்கூடாத மாதிரி ஓடினேன். இரண்டாம் குழாய் பெட்டிக்குள் சேர முதல் ஒரு வளைவு இருக்கிறது. வளைவுக்குள்ளே அளவு சரிபண்ணுகிற ஒரு தகட்டுக் கதவு. வெளியே ஒரு மூடி, ஆறு ஆணி, ஆணிக்கு மேலே கட்டடம் கட்டின காலத்துப் பெயின்ற். அந்தப் பெயின்றை இருபத்துநாலு வருசத்தில் ஒரு முறைகூட நான் சுரண்டவில்லை. சாப்பிட்டதை எழுத மூடி திறந்தோம், இதைத் திறக்கவில்லை.

ஆறு ஆணியும் கழன்றது. தகட்டுக் கதவின் அச்சைச் சுற்றிக் கம்பளிப் பூனை படுத்த மாதிரி ஒன்று கிடந்தது. எண்ணெய்ப் புகையும் தூசியும் பிடித்துக் கறுத்துப்போன நைலோன். இழுக்க இழுக்க ஒன்றோடொன்று முடிந்துகொண்டு வந்தது. வாளிக்குள் போட்டு எண்ணினேன். பதினொன்று.

திலகம் வீட்டில் திரும்பக் கடதாசியை வைத்தபோது நான் கையை எடுக்க முதலே அது பறந்து போய் ஒட்டிக்கொண்டது. சிவம் விரலால் ஒரு மூலையை உரித்துவிட்டுப் பார்த்தார், திரும்பவும் ஒட்டியது. இரண்டாம் தரமும் உரித்தார். "விடுங்கோப்பா, உங்கடை பகிடி," என்று திலகம் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தா. ஐந்து குசினியும் அளந்தேன். ஐந்தும் சரி. இருபதும் சரி.

றிப்போட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: குழாயில் பிழை இல்லை, வளைவில் துணி அடைத்திருந்தது, முந்தைய சர்வீசுகளில் அந்த மூடியைத் திறந்து பார்க்காதது என்னுடைய தவறு. கையெழுத்து வைத்தேன். மூன்றாம் கிழமை இருபது வீட்டுக்கும் இரண்டாவது கடிதம் போனது, சுவர் வேலை தேவையில்லை, முதல் கடிதத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று. பழைய மூடியை எஸ்ட்ரிக் கூரை வளைமரத்தில், மிளகாய் அட்டவணைக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொழுவிவிட்டேன். கடைசி வரியை மாரியோ இல்லாதபடியால் நான்தான் எழுதினேன்: 'மூன்றாம் மாடி: கணவாய்க் கறி, புட்டு.' ஃபிராவ் கெல்லரின் சல்லடையில் காற்றைப் பக்கவாட்டில் திருப்புகிற மூடி ஒன்று போட்டு, கழற்ற ஏலாமல் ஆணியும் போட்டேன். சத்தம் கேட்காத காத்தாடியில் அவவுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை, தினமும் காலமை ஒரு கடதாசி வைத்துப் பார்க்கிறா.

அன்றைக்கு அந்த வாளியை அவவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தா. வெட்கப்படுவா, மன்னிப்புக் கேட்பா என்று நினைத்தேன். கரி பிடித்த ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்து, நெடுநேரம் பார்த்து, சந்தோசமாகத் தலையை ஆட்டினா.

"இந்த மண்ணிறத்துக்குச் சோடி இன்னும் என்ரை மேசை லாச்சியில கிடக்கு, ஹெர் குணா, நல்லவேளை நான் எறியேல்லை."

இருபத்துநாலு வருசமாக அந்த வீட்டின் காற்றைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த நான், பதினொரு காலுறைக்குத்தான் காவல் இருந்திருக்கிறேன்.